வராது, வரவில்லை

“எனக்குக் கணக்கு வராது.”

இதைச் சொல்ல ஓர் ஆளாவது இல்லாத வீடு இருக்குமா என்று தெரியவில்லை. கணக்கு இல்லாவிட்டால் பாட்டு, பாட்டு இல்லாவிட்டால் இங்கிலீஷ், வண்டி ஓட்டுவது, சமையல், நாலு பேர் முன்னால் பேசுவது. தமிழில் திறமை என்பது நாம் போய்ப் பிடிக்கிற பொருள் இல்லை. அதுவாக நம்மிடம் வர வேண்டும். வந்தால் வந்தது, வராவிட்டால் வராது.

இதே வாக்கியத்தில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி “எனக்குக் கணக்கு வரவில்லை” என்று சொல்லிப் பாருங்கள். மதிப்பெண் அதேதான், விடைத்தாளில் சிவப்பு மையும் அதேதான். ஆனால் ‘வரவில்லை’ இதுவரை நடந்ததை மட்டும் சொல்கிறது. ‘வராது’ நாளைக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதிவிடுகிறது. ‘இன்னும்’ என்ற சொல் ‘வரவில்லை’யோடு இயல்பாக ஒட்டிக்கொள்ளும். ‘வராது’க்குப் பக்கத்தில் அதை உட்கார வைக்கவே முடியாது.

ஆட்களைப் பற்றிப் பேசும்போதும் இப்படித்தான். “அவன் இன்னும் திருந்தவில்லை” என்றால் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. “அவன் திருந்தமாட்டான்” என்றால் தாழ்ப்பாள் போட்டாயிற்று.

மனிதரின் அறிவும் குணமும் மாறக்கூடியவையா, மாறாதவையா? இதைப் பற்றி நம் ஒவ்வொருவருக்குள்ளும் ஓர் எண்ணம் இருக்கிறது. யாரும் நம்மிடம் கேட்டதில்லை, நாமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனாலும் தோல்வி வரும்போது அதற்கு என்ன அர்த்தம், ஓர் ஆள் தப்பு செய்தால் அவரை என்ன செய்வது என்பதையெல்லாம் பல நேரம் அந்த எண்ணமே தீர்மானிக்கிறது. உளவியலாளர்கள் இதைச் ‘சொல்லப்படாத கோட்பாடு’ என்ற பொருளில் அழைக்கிறார்கள். மாறாது என்று நினைப்பதை நிலைத்த மனப்பாங்கு என்றும், மாறும் என்று நினைப்பதை வளரும் மனப்பாங்கு என்றும் இங்கே வைத்துக்கொள்வோம். இரண்டாவதை ‘க்ரோத் மைண்ட்செட்’ என்ற பெயரில் அலுவலகப் பயிற்சி வகுப்புகளில் கேட்டு அலுத்துப்போனவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அங்கே சொல்வதைவிட விஷயம் சுவாரசியமானது.

ஒருவரிடம் எந்த மனப்பாங்கு இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் முறை ஏமாற்றம் தரும் அளவுக்கு எளிமையானது. “உங்களிடம் குறிப்பிட்ட அளவு அறிவு இருக்கிறது, அதை மாற்ற உங்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது” என்பது போன்ற மூன்று நான்கு வாக்கியங்களைக் கொடுத்து, எவ்வளவு ஒத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்பார்கள். அவ்வளவுதான். நீங்கள் கெட்டிக்காரரா என்று அது பார்ப்பதில்லை. கெட்டிக்காரத்தனம் என்றால் என்னவென்று நினைக்கிறீர்கள் என்றுதான் பார்க்கிறது.

எட்டுப் புதிரும் நாலு புதிரும்

இந்தத் துறையோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் கேரல் டுவெக். 1946-ல் பிறந்த அமெரிக்க உளவியலாளர், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர். நியூயார்க்கின் புரூக்ளினில் அவர் ஆறாம் வகுப்பு படித்தபோது, ஆசிரியை பிள்ளைகளை ஐ.க்யூ. மதிப்பெண் வரிசைப்படி உட்கார வைத்தாராம். கொடி பிடிப்பது, கரும்பலகை துடைப்பது, தலைமை ஆசிரியரிடம் சீட்டு கொண்டுபோவது எல்லாம் முன்வரிசைக்காரர்களுக்கு மட்டும். டுவெக்கே பல இடங்களில் இதைச் சொல்லியிருக்கிறார். முன்வரிசையில் இருந்தும், அடுத்த தேர்வில் இடம் போய்விடுமோ என்ற பயம்தான் அவருக்கு மிஞ்சியது.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. அந்த மாதிரிச் சோதனையை முதலில் உருவாக்கியவர் பிரான்ஸைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பினே. 1905-ல் தியோடர் சிமோனுடன் சேர்ந்து அதை வெளியிட்டார். வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டுபிடித்துக் கூடுதல் உதவி தருவதுதான் நோக்கம். ஒருவருடைய அறிவு மாறாத அளவுடையது, அதை உயர்த்த முடியாது என்று சொன்னவர்களை 1909-ல் அவர் கடுமையாக மறுத்தார். அது கொடூரமான அவநம்பிக்கை, எதிர்த்து நிற்க வேண்டும் என்றார். பினே 1911-ல் இறந்துபோனார். அவருடைய கருவி அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்காவுக்குப் போனது. யாருக்கு உதவி வேண்டும் என்று பார்க்கச் செய்த அளவுகோல், யாருக்கு அறிவு கிடையாது என்று முத்திரை குத்தும் அளவுகோலாக அங்கே மாறிப்போனது.

டுவெக்குக்குத் திரும்புவோம். 1978-ல் அவரும் கேரல் டீனரும் வெளியிட்ட ஆய்வில், பள்ளிப் பிள்ளைகளிடம் சில புதிர்களைக் கொடுத்தார்கள். முதல் எட்டு, அந்த வயதுக்கு விடை காணக்கூடியவை. அடுத்த நாலு முடியாதவை. போடும்போது மனதில் தோன்றுவதை உரக்கச் சொல்லிக்கொண்டே போடச் சொன்னார்கள். எட்டாவது புதிர் வரை பிள்ளைகளிடையே பெரிய வேறுபாடு ஒன்றும் இல்லை. ஒன்பதாவதில்தான் இரண்டாகப் பிரிந்தார்கள். சிலர் “நிதானமாகப் போடணும்” என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வேறு வழி தேடினார்கள். வேறு சிலர் “எனக்கு ஞாபகசக்தி கிடையாது” என்றார்கள், கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு விடையைத் தட்டினார்கள், பேச்சை மாற்றினார்கள். ஒரு குழந்தை வார இறுதியில் நடக்கப்போகும் கலைநிகழ்ச்சியில் தனக்கு என்ன வேடம் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டது.

எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்துக் கிடைத்த தகவல். எத்தனை புதிர் சரியாகப் போட்டாய் என்று பிறகு கேட்டபோது, துவண்டுபோன பிள்ளைகள் உண்மையில் போட்டதைவிடக் குறைவாகவும், தோற்றதை அதிகமாகவும் சொன்னார்கள். பின்னால் வந்த தோல்வி முன்னால் கிடைத்த வெற்றியையும் பின்னோக்கிப் போய் அழித்திருக்கிறது.

ஏன் இப்படி? பின்னாளில் டுவெக்கும் சகாக்களும் தந்த விளக்கம் இதுதான். அறிவு நிலையானது என்று நினைப்பவருக்கு ஒவ்வொரு கேள்வியும் ஒரு தராசு. ஏறி நின்றால் எடை தெரிந்துவிடும். எடை குறைவாகக் காட்டினால் அதுதான் நீ. அப்படியிருக்கும்போது தராசுப் பக்கமே போகாமல் இருப்பது புத்திசாலித்தனமாகத்தான் படும். அறிவு வளரும் என்று நினைப்பவருக்கோ அதே கேள்வி ஒரு பயிற்சி. தப்பானால் வலிக்கும், ஆனால் வலி அந்தக் கேள்வியோடு நின்றுவிடும்.

1998-ல் கிளாடியா முல்லரும் டுவெக்கும் செய்த பாராட்டுச் சோதனையை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு சுற்றுப் புதிர் போட்டதும், சிலரிடம் “நீ கெட்டிக்காரப் பிள்ளை” என்றும், சிலரிடம் “நல்லா உழைச்சிருக்கே” என்றும் சொன்னார்கள். அடுத்த சுற்று கடினமாக இருந்தது. எல்லோரும் சறுக்கினார்கள். மூன்றாவது சுற்று முதல் சுற்று அளவுக்கே எளிது. ஆனால் கெட்டிக்காரப் பட்டம் வாங்கியவர்கள் அதில் முன்பைவிடக் குறைவாக எடுத்தார்கள். அப்புறம், வேறு பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தப் புதிர்களைப் பற்றி எழுதச் சொல்லி, அதில் தங்கள் மதிப்பெண்ணைக் குறிக்கவும் இடம் விட்டிருந்தார்கள். பெயர் தெரியாத, முகம் தெரியாத பிள்ளைக்கு எழுதும் கடிதம். அதில்கூட, கெட்டிக்காரர் என்று பாராட்டப்பட்டவர்களில் 38 சதவீதம் பேர் மதிப்பெண்ணைக் கூட்டி எழுதினார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்களில் 13 சதவீதம்தான். இந்த ஆய்வுக்குப் பின்னால் ஒரு வால் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

ஹாங்காங்கில் இங்கிலீஷ்

நம் ஆட்களுக்கு உடனே புரியக்கூடிய ஆய்வு ஒன்று ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 1999-ல் வெளிவந்தது. அங்கே பாடம், தேர்வு, கட்டுரை எல்லாம் ஆங்கிலத்தில். ஆனால் சேரும் எல்லா மாணவரும் ஆங்கிலத்தில் தேறியவர்கள் இல்லை. ஆங்கிலத்தை மேம்படுத்த ஒரு கூடுதல் வகுப்பு வைத்தால் சேருவீர்களா என்று ஆய்வாளர்கள் கேட்டார்கள். ஆங்கிலம் குறைவாக இருந்தவர்களில், அறிவு வளரும் என்று நினைத்தவர்கள் சேருகிறோம் என்றார்கள். அறிவு நிலையானது என்று நினைத்தவர்கள் அவ்வளவு ஆர்வம் காட்டவில்லை. ஏற்கெனவே நன்றாக ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு இருந்த ஆர்வத்தின் அளவுதான் இவர்களுக்கும் இருந்தது. அதாவது, யாருக்கு அந்த வகுப்பு உயிர்நாடியோ அவர்களே ஒதுங்கினார்கள்.

படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும் ஒரு கல்லூரியில் சேர்ந்தவன். முதல் பருவத்தில் மாலை ஐந்து மணிக்கு இலவச ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு வைத்தார்கள். சேருகிறவர்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தாளில் பெயர் எழுத வேண்டும். நான் எழுதவில்லை. பஸ் போய்விடும் என்று நண்பர்களிடம் சொன்னேன். பஸ் ஆறரைக்கும் இருந்தது. உண்மை என்னவென்றால், அந்தத் தாளில் பெயர் எழுதுவது “இவனுக்கு இங்கிலீஷ் வராது” என்று ஊருக்கே போஸ்டர் ஒட்டுவது போல எனக்குப் பட்டது. வகுப்பில் சேராமல் இருந்தால் வராதது யாருக்கும் தெரியாது அல்லவா? அந்தத் தாளில் பெயர் எழுதிய ஏழு பேரில் நாலு பேருக்கு என்னைவிட ஆங்கிலம் நன்றாகத் தெரியும்.

நிலைத்த மனப்பாங்கு சோம்பேறித்தனமாக வெளியே தெரிவது இப்படித்தான். உள்ளே நடப்பது சோம்பல் இல்லை. அது ஒரு வகைத் தற்காப்பு. அதனால்தான் “உழைக்கமாட்டேங்கிறான்” என்று திட்டுவதில் பெரிதாகப் பலன் இருப்பதில்லை. உழைத்தும் தோற்றுவிட்டால் தப்பிக்கச் சாக்கே இல்லை என்பதுதான் அவனுடைய பயமே.

ஒரு பானைச் சோறு

இதுவரை சொன்னது ஒருவர் தன்னைப் பற்றி நினைப்பது. மேடைப் பேச்சுகளும் சுவரொட்டிகளும் இந்தப் பாதியோடு நின்றுவிடும். என்னைக் கேட்டால் கனமான பாதி மற்றது: அடுத்தவரை எப்படி எடைபோடுகிறோம் என்பது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அரிசிக்கு அது சரி. ஒரே பானை, ஒரே கொதி, ஒரே நேரம். மனிதரின் குணம் மாறாதது என்று நம்புகிறவர்கள் இதே விதியை ஆட்களுக்கும் போடுகிறார்கள். ஒரு செயலை நசுக்கிப் பார்த்தால் போதும், முழு ஆளும் தெரிந்துவிடும்.

சிந்தியா எர்ட்லியும் டுவெக்கும் 1993-ல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு படக்கதை காட்டினார்கள். பள்ளிக்குப் புதிதாக வந்த பையன். பதற்றத்தில் இருக்கிறான், எல்லோருக்கும் தன்னைப் பிடிக்க வேண்டும் என்று தவிக்கிறான். அந்த அவசரத்தில் பொய் சொல்வது போன்ற சில சின்னத் தப்புகள் செய்கிறான். பார்த்த பிள்ளைகள் எல்லோருக்கும் அவன் செய்தது தப்பு என்று தெரிந்தது. வேறுபாடு அடுத்த அடியில் வந்தது. குணம் மாறாது என்று நினைத்த பிள்ளைகள், செயலிலிருந்து நேராக ஆளுக்குத் தாவினார்கள்: அவன் கெட்டவன். பிறகு அவனைப் பற்றி நல்ல செய்திகளைச் சொன்னபோதும் அந்த முடிவு எளிதில் அசையவில்லை. மாறும் என்று நினைத்த பிள்ளைகள் புதிய தகவலுக்கு ஏற்ப மதிப்பீட்டைத் திருத்திக்கொண்டார்கள்.

பெரியவர்கள் இதில் வளர்ந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியவில்லை. பீட்டர் ஹெஸ்லினும் சகாக்களும் 2005-ல் மேலாளர்களை வைத்து ஆராய்ந்தார்கள். ஓர் ஊழியர் ஒரு வேலையை மோசமாகச் செய்வதை முதலில் காட்டி, அப்புறம் அதே ஆள் நன்றாகச் செய்வதைக் காட்டினார்கள். மனிதர் மாறமாட்டார் என்று நம்பிய மேலாளர்களின் கண்ணுக்கு அந்த முன்னேற்றம் அவ்வளவாகத் தெரியவில்லை. அப்படி நம்பியவர்களுக்கு ‘ஆட்கள் மாறக்கூடியவர்கள்’ என்பதை உணர்த்தும் ஒரு பயிற்சி கொடுத்தபோது பார்வை மாறியது.

இதில் எனக்குச் சொந்தக் கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. என் கீழே வேலை பார்த்த ஒரு தம்பி, ஆரம்பத்தில் தந்த அறிக்கைகள் படுமோசம். பத்தி பத்தியாக அடித்துத் திருத்துவேன். இரண்டு வருடம் கழித்து, வேறு பிரிவில் இருந்த ஒருவர் ஓர் அறிக்கையைக் காட்டி, “இதை எழுதினது யாரு சார், இவ்வளவு தெளிவா இருக்கு?” என்றார். அந்தத் தம்பிதான். அதற்கு முந்தைய வாரம் நானும் அதைப் படித்திருந்தேன். இரண்டு காற்புள்ளியைத் திருத்திவிட்டு, பெருமூச்சோடு கையெழுத்துப் போட்டிருந்தேன். எத்தனை மாதமாக அவன் நன்றாக எழுதிக்கொண்டிருந்தான் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

குற்றம், தண்டனை என்று வரும்போது இது விளையாட்டாக இருப்பதில்லை. குணம் மாறாது என்று நினைப்பவர்கள், கற்பனை வழக்கு ஒன்றைக் கொடுத்துத் தீர்ப்புச் சொல்லச் சொன்னால், குற்றம் சாட்டப்பட்டவர் பார்வைக்கு எப்படிப்பட்ட ஆள் என்பதற்குக் கூடுதல் இடம் தருகிறார்கள், உடுத்தியிருந்த உடை உட்பட. தண்டனையைப் பற்றிக் கேட்டால் செய்ததற்கு அனுபவிக்கட்டும் என்பார்கள். மாறும் என்று நினைப்பவர்கள் திருத்துவதைப் பற்றிப் பேசுவார்கள்.

ஓர் ஆளுக்குப் பதிலாக ஓர் இனத்தையே வைத்துப் பாருங்கள். அதையும் நம் மண்ணிலேயே பார்க்கலாம். ஆங்கிலேய அரசு 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி என்றால் திருடன் மகன் திருடன்தானே என்பது அதன் பின்னால் இருந்த தர்க்கம். அதாவது, சில சாதிகளில் பிறப்பதே குற்றத்துக்குச் சாட்சி. 1911-ல் புதுப்பிக்கப்பட்ட சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைப் பக்கத்தில் பிறமலைக் கள்ளர்களிடம் கைரேகை எடுத்தார்கள், நடமாட்டத்துக்குக் கட்டுப்பாடு விதித்தார்கள். மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை வைக்க மறுத்துத் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-லும், நாடு முழுவதும் 1952-லும் அந்தச் சட்டம் முடிவுக்கு வந்தது. குணம் மாறாது என்ற எண்ணம் ஒருவர் மனதில் இருந்தால் அது அபிப்பிராயம். அதற்கு அரசாங்க முத்திரை கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த 81 வருடமே கணக்கு. இதில் ஒரு முரணும் உண்டு. பிறவியிலேயே குற்றவாளிகள் என்று பதிவு செய்த அதே அரசுதான் அவர்களுடைய பிள்ளைகளுக்காகச் சீரமைப்புப் பள்ளிகளையும் திறந்தது. கள்ளர் சீரமைப்புப் பள்ளி என்ற பெயரை மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் போனால் இன்றும் பார்க்கலாம். மாறமாட்டார்கள் என்று ஒரு கையால் எழுதி, மாற்றிவிடலாம் என்று இன்னொரு கையால் எழுதியிருக்கிறார்கள்.

எதிர்ப்பக்கத்துக்கும் ஓர் ஆய்வு. எரான் ஹால்பெரினும் சகாக்களும் 2011-ல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டது. இஸ்ரேலிய யூதர்களிடமும் பாலஸ்தீனர்களிடமும், பொதுவாக மக்கள் குழுக்களின் இயல்பு காலப்போக்கில் மாறக்கூடியது என்று விளக்கும் ஒரு கட்டுரையைப் படிக்கக் கொடுத்தார்கள். அதில் எதிர்த் தரப்பின் பெயரே இல்லை. மாறாது என்று படித்தவர்களைவிட, மாறும் என்று படித்தவர்கள் எதிர்த் தரப்பை வெறுப்பது கொஞ்சம் குறைந்தது, சமரசத்துக்கு விருப்பம் கொஞ்சம் கூடியது. ஒரு கட்டுரை போரை நிறுத்தாது என்பது அந்தப் பகுதியின் செய்திகளைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். பெயர் சொல்லாத ஒரு பொதுக் கருத்து அந்த அளவுக்காவது அசைத்தது என்பதே எனக்கு வியப்பு.

பாட்டின் இரண்டாம் பாதி

சரி, உண்மையில் எது மாறும், எது மாறாது?

ஔவையார் பெயரில் வழங்கும் ஒரு தனிப்பாடலை எல்லோரும் பள்ளியில் கேட்டிருப்போம். “சித்திரமும் கைப்பழக்கம் செந்தமிழும் நாப்பழக்கம்.” முதல் வரியோடு நிறுத்திவிட்டால் இது வளரும் மனப்பாங்குக்கு நம் ஊர் விளம்பரம். ஆனால் பாட்டு இப்படி முடிகிறது: “நட்பும் தகையும் கொடையும் பிறவிக் குணம்.” படம் வரைவது, தமிழ் பேசுவது, கல்வி, நடை எல்லாம் பழக்கத்தில் வரும். நட்பு, பெருந்தன்மை, கொடை இவை பிறப்போடு வருபவை. ஒரே வெண்பாவில் திறமைக்கு ஒரு கோட்பாடு, குணத்துக்கு வேறு கோட்பாடு!

உளவியலாளர்கள் அளந்து கண்டதும் கிட்டத்தட்ட இதுதான். ஓர் ஆளிடம் ஒரே மனப்பாங்கு எல்லா விஷயத்திலும் இருப்பதில்லை. கணக்கு பயிற்சியில் வரும், கோபம் ரத்தத்தில் வந்தது என்று ஒருவரே நம்பலாம். எனவே “நீங்கள் நிலைத்த மனப்பாங்கு ஆளா, வளரும் மனப்பாங்கு ஆளா” என்று ராசி பலன் போலக் கேட்பதில் அர்த்தமில்லை. எந்த விஷயத்தில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

பாட்டின் இரண்டாம் பாதியோடு எனக்குச் சின்னச் சண்டை உண்டு. பல நாட்டில் பல வருடம் ஆட்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தால், வயது கூடக் கூடப் பொதுவாகப் பொறுப்புணர்வும் மனநிதானமும் கூடுகின்றன. பிறவிக் குணம் என்று நினைப்பதுகூட மெல்ல நகர்கிறது, வருடக்கணக்கில்.

மரபணு பற்றிய குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடுவோம். பரம்பரையாக வருவதும் மாறாமல் இருப்பதும் ஒன்று இல்லை. உயரத்தைவிடப் பரம்பரை சார்ந்த விஷயம் கிடைப்பது அரிது. ஆனால் நூறு வருடத்தில் தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. மரபணு மாறவில்லை, சாப்பாடும் சுகாதாரமும் மாறின. பினைல்கீட்டோனூரியா என்று ஒரு நோய் உண்டு. முழுக்க மரபணுக் கோளாறு. கவனிக்காமல் விட்டால் குழந்தையின் மூளை வளர்ச்சி கெடும். பிறந்த உடனே கண்டுபிடித்து, குறிப்பிட்ட ஒரு புரதக்கூறு குறைந்த உணவைக் கொடுத்துவந்தால் குழந்தை மற்றவர்களைப் போலவே வளரும்.

இதனால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் ஆகலாம் என்று அர்த்தமில்லை. நான் இனிமேல் எவ்வளவு ஓடினாலும் ஒலிம்பிக் போகப்போவதில்லை. வளரும் மனப்பாங்கு என்பது எல்லோருக்கும் ஒரே உச்சி உண்டு என்ற வாக்குறுதி இல்லை. இன்று நிற்கும் இடத்திலிருந்து நகரலாம் என்பது மட்டும்தான்.

பலூனில் கொஞ்சம் காற்றை இறக்கினால்

முன்பு சொன்ன வாலுக்கு வருகிறேன். அந்தப் பாராட்டுச் சோதனையைச் சீனாவில் 600-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து மறுபடி செய்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். பழைய முடிவு அங்கே தெளிவாகத் திரும்பக் கிடைக்கவில்லை. அதே வருடம் இங்கிலாந்தில் நூற்றுக்கும் அதிகமான பள்ளிகளில் பத்துப் பதினோரு வயதுப் பிள்ளைகளை வைத்து நடந்த ஒரு பெரிய சோதனையின் அறிக்கையும் வந்தது. ஆசிரியர்களுக்கு வளரும் மனப்பாங்குப் பயிற்சி கொடுத்த பள்ளிகளில் பிள்ளைகளின் படிப்பு மற்றப் பள்ளிகளைவிடக் கூடவில்லை. 2018-ல் நூற்றுக்கணக்கான முடிவுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு, மனப்பாங்குக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு பலவீனமானது என்றது. வசதி குறைந்த, படிப்பில் தடுமாறும் பிள்ளைகளுக்கு மட்டும் கொஞ்சம் பலன் இருக்கலாம் என்றது.

ஆதரவுப் பக்கம் இருப்பதில் வலுவானது, டேவிட் யேகர் தலைமையில் 2019-ல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. அமெரிக்கா முழுவதிலிருந்தும் தேர்ந்தெடுத்த 65 அரசுப் பள்ளிகள், ஏறத்தாழ 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள். மொத்தமே ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையவழிப் பாடம். படிப்பில் பின்தங்கியவர்களின் சராசரித் தரப்புள்ளி, நாலுக்கு 0.1 கூடியது. ஒரு மணி நேரச் செலவுக்கு இது நல்ல வரவு என்று சொல்லலாம். வாழ்க்கையையே புரட்டிப்போடும் என்று சொன்னால் அது வியாபாரம். அந்த 0.1-ம் எல்லா இடத்திலும் வரவில்லை. ஆசிரியரே “சிலருக்குக் கணக்கு வராது” என்று நினைக்கும் வகுப்பில் மாணவருக்குக் கொடுத்த பாடம் வேர் பிடிக்கவில்லை என்று பின்னால் கண்டார்கள். விதையில் என்ன இருந்தாலும் மண் காய்ந்துகிடந்தால்?

உழைப்பைப் பாராட்டினால் போதும் என்று கிளம்பியவர்களைப் பார்த்து டுவெக்கே சலித்துக்கொண்டிருக்கிறார். தப்பான வழியில் மணிக்கணக்காக முட்டிமோதும் பிள்ளையிடம் “நல்லா உழைக்கிறே” என்று தட்டிக்கொடுப்பது ஆறுதல் பரிசு மாதிரி. அந்தப் பிள்ளைக்கு வேண்டியது வேறு வழி, கூட உட்கார்ந்து சொல்லித்தர ஓர் ஆள்.

மாறும் என்ற நம்பிக்கைக்கும் ஒரு கூர்முனை உண்டு என்பது அதிகம் பேசப்படாத விஷயம். மாறக்கூடியது என்றால், மாறாமல் இருப்பது யார் குற்றம்? 2014-ல் கிரிஸ்டல் ஹாய்ட்டும் சகாக்களும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உடல் பருமன் ஒரு நோய் என்று சொல்லும் கட்டுரையைப் படித்த பருமனானவர்களுக்குத் தங்கள் உடல் மீதான அதிருப்தி குறைந்தது. நல்லதுதானே? ஆனால் எடையைப் பற்றிய அக்கறையும் கூடவே குறைந்து, அதிகக் கலோரி உணவைத் தேர்ந்தெடுத்தார்கள். எடை நம் கையில் என்று சொன்னால் அக்கறை கூடும், அவமானமும் சேர்ந்து கூடும். ஒன்றை மட்டும் தனியாக வாங்க முடிவதில்லை.

என் சித்தப்பாவுக்குச் சர்க்கரை வந்து பதினைந்து வருடம் ஆகிறது. போன தீபாவளிக்கு அவர் வீட்டில் காலைச் சாப்பாடு. “இவரு திருந்தவே மாட்டாரு, பொறந்ததுலேர்ந்து இப்படித்தான்” என்றார் சித்தி. சட்னி எடுத்துவர உள்ளே போனவர், வெளியே வரும்போது, “மனசு வச்சா ஒரே மாசத்துல கொண்டுவந்துடலாம், வைக்கமாட்டேங்கிறாரு” என்றார். சித்தப்பா இரண்டுக்கும் ஒரே மாதிரித் தலையாட்டிவிட்டு, அதிரசத் தட்டை என் பக்கம் நகர்த்துவது போல நகர்த்தி, ஒன்றை எடுத்துக்கொண்டார்.